ஆளில்லாத் தீவும் நம் வீட்டுச் சுவரும்

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் பூட்டிய வீடு ஒன்று உண்டு. பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து, இரயில்வே குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் காலம் கழிக்கும் நாம், ஆண்டுக்கு ஒரு முறையோ ஈராண்டுக்கு ஒரு முறையோ ஊர் சென்று அவ்வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, விளக்கேற்றி வைத்து, மீண்டும் பூட்டிக்கொண்டு திரும்புகிறோம். "ஆளில்லாத வீடுதானே" என்று எண்ணி எவரேனும் கொல்லைச் சுவரிலிருந்து நாலு கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்று கடிதம் வந்தால் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. ஆளில்லை என்பது வேறு. கேட்பாரில்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை நம் போன்றவர்களை விட நன்கு அறிந்தவர் இரார்.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில், நமக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. பாட்டனார் கட்டிய வீடு. சென்ற கோடை விடுமுறையில் அதன் தெற்குச் சுவர் உப்பேறிப் பொரிந்து கிடக்கக் கண்டு கொத்தனாரை அழைத்து வந்தோம். அவர் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டதும் உள்ளிருந்த கற்கள் வெளிப்பட்டன. அவை மலைக்கல்லும் அல்ல, செங்கல்லும் அல்ல. வெளிறிய அக்கற்களின் முகமெங்கும் சிறு சிறு பூக்களை வரிசையாக அச்சிட்டாற்போலக் குழிகள் இருந்தன. உடன் நின்ற நம் மகன், "இவ்வளவு நுணுக்கமாக யார் செதுக்கினார்கள்?" என்று கேட்டான்.

அது செதுக்கிய கல் அன்று. கடலில் விளைந்த கல் என்றும், எதிரேயுள்ள தீவுகளைச் சுற்றிய பார்களிலிருந்து முற்காலத்தில் வள்ளங்களில் ஏற்றி வந்தது என்றும், அக்கற்களின் மேல் பூசிய சுண்ணாம்பும் அதே கல்லைக் காளவாயில் சுட்டு எடுத்ததே என்றும் கொத்தனார் விளக்கினார். இன்று ஒரு கூடைக் கல் எடுத்தாலும் வழக்கு வரும் என்றும் எச்சரித்தார்.

பிறர் நம் சுவரில் கல் எடுத்தால் பதறுகின்ற நாம், நம் சுவரே பிறிதொரு சுவரை இடித்துக் கட்டியது என்பதை அன்றுதான் அறிந்தோம். அந்தச் சுவரின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

தீவுத் தொடர்

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில், கரைக்கு ஏறத்தாழ இணையாக 21 சிறு தீவுகள் தொடுத்தாற்போல் அமைந்திருக்கின்றன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாக அவற்றை வகுத்துள்ளனர். முயல் தீவு, பூமரிச்சான், குருசடை, தலையாரி, வாலை, முள்ளி, ஆனைப்பார் என்று அவற்றின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே அவற்றுக்குப் பெயரிட்ட கடலோடிகளின் குரல் கேட்கும். வேம்பார்க் கூட்டத்தில் ஒரு தீவின் பெயர் நல்லதண்ணித் தீவு; அதன் அண்டைத் தீவின் பெயர் உப்புத்தண்ணித் தீவு. தாகத்தோடு கரையேறியவனுக்கு இதனினும் பயனுள்ள பெயர் வேறென்ன வேண்டும்!

இத்தீவுகளில் மக்கள் குடியிருப்பு இல்லை. இவற்றுள் பெரியதான முயல் தீவே ஏறத்தாழ 130 ஹெக்டேர்தான். மற்றவை அதனினும் சிறியவை. மலையோ குன்றோ இவற்றில் இல்லை. மணலும், அலை உடைத்துப் போட்ட பவளக் கல்லும் சேர்ந்து கடல் மட்டத்திற்குச் சற்று மேலே எழுந்து நிற்கும் திட்டுகளே இவை.

ஆனால் இத்திட்டுகளைச் சுற்றியுள்ள கடல் செழித்த கடல். பவளப் பார்களும் கடற்புல் வெளிகளும் அங்கு உண்டு. அப்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு உண்டு. ஆமைகளும், சங்கும், கடலட்டையும், எண்ணற்ற மீன் வகைகளும் உண்டு. பார் கட்டும் பவள வகைகள் மட்டுமே 117 என்று ஆராய்ச்சியாளர் பட்டியலிட்டுள்ளனர். குருசடை என்னும் ஒரு சிறு தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டுமே சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் தனி நூல் ஒன்று வெளியிட்டது.

இவற்றைக் கருதியே 1986இல் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. வனத்துறையின் அனுமதியின்றி இத்தீவுகளில் இறங்குதல் கூடாது.

பவளத்தின் வேலை

பவளம் என்றதும் நம் இல்லத்தரசியருக்கு நினைவு வருவது நவமணிகளுள் ஒன்றான செந்நிறப் பவளமே. அது மத்தியதரைக் கடல் போன்ற தொலைவான கடல்களில் கிடைப்பது. நாம் இங்குப் பேசுவது பார் கட்டும் கற்பவளம். இரண்டும் உறவு முறையில் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்டவை என்று கொள்ளலாம்.

கற்பவளம் செடியும் அன்று, கல்லும் அன்று. சிறு உயிர்களின் கூட்டம். மெல்லிய உடலும், வாயைச் சுற்றி விரல் போன்ற நீட்சிகளும் கொண்ட அவ்வுயிர், கடல் நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. நம் வீட்டுச் சுவரில் கண்ட பூக்குழிகள் அக்கிண்ணங்களே. ஒவ்வொரு குழியும் ஓருயிர் குடியிருந்த அறை. அவ்வுயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெயிலின் உதவியால் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடம் கொடுக்கிறது. குடியிருப்பவர் சமைத்துப் போட, வீட்டுக்காரர் உண்பது போன்ற ஏற்பாடு இது.

பழையன இறக்க, அவற்றின் மேல் புதியன கட்ட, இவ்வாறே பார் உயர்கிறது. உருண்டு திரண்ட பவளங்கள் ஓராண்டில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. நம் சுவரில் ஒரு முழ கனமுள்ள கல் இருந்தது. அப்படியாயின் அது விளைவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். அதைப் பெயர்ப்பதற்கோ ஒரு கடப்பாரையும் கால் மணி நேரமும் போதும்.

இப்பார் தீவுக்குச் செய்யும் தொண்டு இரண்டு. ஒன்று, காவல். திறந்த கடலிலிருந்து வரும் அலை முதலில் பாரில் மோதித் தன் வலிமையை இழக்கிறது. தளர்ந்த அலைதான் தீவின் மணலைத் தொடுகிறது. மற்றொன்று, ஊட்டம். உடைந்த பவளமும் சிப்பியும் தேய்ந்து மணலாகித் தீவுக்கு வந்து சேர்கின்றன. அம்மணலைக் கடற்புல்லின் வேர்கள் பிடித்து வைக்கின்றன. ஆகவே, பார் இருக்கும் வரை தீவு இருக்கும். தீவும் பாரும் இருக்கும் வரை அவற்றின் பின்னேயுள்ள ஊர்களின் கரைக்கும் ஒரு காப்பு இருக்கும்.

26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினமும் கன்னியாகுமரியும் பட்ட அழிவை இப்பகுதி படவில்லை. இலங்கை குறுக்கே நின்று தடுத்தமை அதற்கு முதற்காரணம். இத்தீவுகளும் பார்களும் எஞ்சிய அலையின் வேகத்தைத் தணித்தன என்றும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆளில்லாத் தீவுகள் ஆளுள்ள ஊர்களுக்கு வாயில் காத்து நின்றன.

சுவரை இடித்த கதை

இராமேசுவரம் சென்றவர்கள் தனுஷ்கோடியையும் பார்த்திருப்பார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரில் இன்றும் நிற்கும் மாதா கோயிலின் சுவர்களை அருகில் சென்று நோக்குங்கள். அவையும் பூக்குழி விழுந்த கற்களே. இராமேசுவரம், கீழக்கரை தொடங்கித் தூத்துக்குடி வரை, கல்மலை இல்லாத அக்கரையில் வாழ்ந்தவர்கள் அருகில் கிடைத்த கல்லால் வீடு கட்டினார்கள். ஊருக்கு நாலு வீடு, ஒரு கோயில் என்று இருந்த வரையில் கடல் அதைத் தாங்கிற்று.

பின்னர்த் தேவை பெருகிற்று. கட்டடச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளக்கல் வண்டி வண்டியாகப் போயிற்று. மன்னார் வளைகுடாவிலும் அதை அடுத்த பாக் நீரிணைப்பிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25,000 டன் எடுக்கப்பட்டதாக 1970களில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இவ்வெண்ணைச் சும்மா விட மனமில்லை. பழைய நான்கு சக்கரச் சரக்குப் பெட்டி ஒன்றுக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால் 1,250 பெட்டிகள். 40 பெட்டிகள் கொண்ட சரக்கு வண்டிகளாகக் கோத்தால் 31 வண்டிகள் நிரம்பி, மேலும் 10 பெட்டிகள் மிஞ்சும். இது ஓராண்டுக் கணக்கு மட்டுமே. ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் வளரும் பொருளை இவ்வேகத்தில் ஏற்றுமதி செய்தால், வரவுப் பக்கம் எவ்வாறு ஈடு கொடுக்கும்?

கல் எடுத்தவர்களைக் குறை கூறுவது எளிது. மீன் கிடைக்காத நாளில் அடுப்பெரிய வேண்டுமே என்று மூழ்கிக் கல் பெயர்த்தவர்கள் ஏழைகள். அக்கல்லில் வந்த ஆதாயத்தில் அவர்கள் பெற்றது கூலி மாத்திரமே. வெள்ளையடித்த வீட்டில் குடியிருந்தவர்கள் நாம். பழியில் நமக்கும் பங்கு உண்டு.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பார் கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அவற்றுக்கும் கிடைத்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடல் தந்த பாடத்தாலும் காவலின் கடுமையாலும் கல்லெடுப்பு ஏறக்குறைய நின்றது. ஆயினும் அதற்குள் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. கீழக்கரைக் கூட்டத்துப் பூவரசன்பட்டி ஒன்று. தூத்துக்குடிக் கூட்டத்து விலாங்குசல்லி மற்றொன்று. பட்டியலில் இன்றும் அவற்றின் பெயர்கள் இருக்கின்றன. காலூன்ற அங்கு நிலம் இல்லை.

காரைச்சல்லியின் கணக்கு

நம் ஊர்க்கரைக்கு எதிரேயுள்ள தீவு காரைச்சல்லி. "காரை" என்பது சுவரில் பூசும் சுண்ணச் சாந்து. "சல்லி" என்பது உடைந்த கற்சிதறல். இத்தீவின் கதை முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிவிட்டாற்போல் இருக்கிறது.

1969இல் இத்தீவின் பரப்பு 20.85 ஹெக்டேர், அதாவது 51 ஏக்கருக்குச் சற்று மேல். 2018இல் அது 5.97 ஹெக்டேர், 15 ஏக்கருக்கும் குறைவு. 49 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு முக்கால் ஏக்கர் கரைந்திருக்கிறது. அதன் பின்னரும் தேய்வு நிற்கவில்லை. தடுக்காவிடில் 2036 அளவில் தீவு முழுவதும் மூழ்கிவிடக் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இன்று நம் சங்கத்தின் குழந்தைகள் விழாவில் மேடையேறும் சிறுவர்கள் கல்லூரி முடிக்கும் முன்னரே ஒரு தீவு படத்திலிருந்து மறைந்துவிடும் என்பது இதன் பொருள்.

கல்லெடுப்பு நின்ற பின்னரும் தீவு ஏன் கரைகிறது என்று கேட்கலாம். காவல் சுவர் இடிந்த வீட்டில் மழை உள்ளே புகுவது, இடித்தவன் போய்விட்டான் என்பதற்காக நின்றுவிடுமா? பார் தாழ்ந்துவிட்டமையால் அலை தளராமல் வந்து மணலை அரிக்கிறது. அன்றியும் கடல் மட்டம் மெல்ல உயர்ந்து வருகிறது. கடல் நீரும் சூடேறி வருகிறது. வெப்பம் மிகும் கோடைகளில், பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. நிறமும் உணவும் இழந்த பவளம் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், தணியாவிடில் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் இவ்வெளுப்பு பெருமளவில் நேர்ந்தது. கடப்பாரை கொண்டு வந்தவனைப் பிடிக்கச் சட்டம் உண்டு. வெப்பத்தைப் பிடிக்க எந்தக் காவலராலும் இயலாது.

மீட்பு முயற்சி

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காரைச்சல்லியைப் போலவே தேய்ந்து வந்த வான் தீவின் முன்னே, 2015 முதல் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் அரசுடன் சேர்ந்து செய்த பணி இது. அடி அகன்று தலை குறுகிய, துளைகள் உள்ள கட்டுமானங்களைக் கடலடியில் வரிசையாக நிறுத்தினர். அலை அவற்றில் மோதித் தளர்ந்தது. தீவின் தேய்வு குறைந்து, மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. துளைகளில் மீன்கள் குடியேறின. பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரத் தொடங்கின.

அவ்வழியில் காரைச்சல்லியையும் மீட்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது. உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு அரசு மேற்கொண்டுள்ள திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 50 கோடி ரூபாய்ச் செலவில் 8,500 செயற்கைப் பார்க் கட்டுமானங்களை இறக்குவது ஏற்பாடு. கொள்ளை போன சுவருக்குப் பதிலாகப் புதுச்சுவர் எழுப்பும் முயற்சி இது. கடல் இலவசமாகக் கட்டிக் கொடுத்திருந்த சுவருக்கு இன்று நாம் கொடுக்கும் விலை 50 கோடி!

ஒன்றை மறைத்தல் ஆகாது. பூங்கா வந்த பின்னர், தலைமுறை தலைமுறையாகத் தீவுகளில் இறங்கி வலை உலர்த்திய மீனவர்களும், அவற்றைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களும் தம் வழக்கமான இடத்தை இழந்தார்கள். "எங்கள் கடலில் எங்களுக்குத் தடையா?" என்னும் அவர்கள் கேள்வி நியாயமற்றதன்று. பார் செழித்தால் மீன் செழிக்கும். மீன் செழித்தால் முதலில் வாழ்பவர்கள் அவர்களே. ஆகையால் தீவைக் காக்கும் வேலையில் அவர்களைக் காவலர்களாகச் சேர்த்துக்கொள்வதே முறை. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அத்தீவுகளைக் காத்துவிட இயலாது.

நம் கடன்

கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் நாம் இதற்கு என் செய்ய இயலும்? பெரிதாக இல்லை, சிறிது உண்டு.

ஊருக்குப் போகையில் கடைகளில் பவளக்கல், கடல் விசிறி முதலியவற்றை அழகுக்கென்று வாங்காதிருப்போம். அவற்றை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். படகில் செல்ல வாய்த்தால், "தீவில் ஐந்து நிமிடம் இறக்கிவிடுங்கள்" என்று படகோட்டிக்கு ஆசை காட்டாதிருப்போம். இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாஜ்மகால் தெரிகிறது. நல்லதண்ணித் தீவு தெரியவில்லை. இராமேசுவரத்திற்கு இரயிலில் பாம்பன் பாலத்தைக் கடக்கையில், தெற்குப் பக்கத்துச் சன்னலில் அவர்களை அமரச் செய்து, குருசடை முதலான தீவுகள் இருக்கும் திசையைக் காட்டுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். மனிதர் ஒருவரும் இல்லை என்றும், ஆயினும் அவை வெறும் இடம் அல்ல என்றும் சொல்லுங்கள்.

நம் வீட்டுத் தெற்குச் சுவரைச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கொத்தனார் செப்பனிட்டு முடித்தார். பழைய கற்களை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டோம். வாசல் நிலைக்கு அருகில், சிறுவனின் கண்ணுக்கு நேரே, ஒரு கல்லின் முகத்தை மட்டும் பூசாமல் விடும்படி கேட்டுக்கொண்டோம். பூச்சு முழுமை பெறாமல் நிற்கிறதே என்று கொத்தனாருக்கு மனக்குறைதான். அடுத்த விடுமுறையில் பூட்டைத் திறக்கும்போது, அந்தக் கல் நம் கண்ணில் பட வேண்டும். யாரிடம் கடன் வாங்கி இந்த வீடு கட்டப்பட்டது என்பது நம் மகனுக்கும் நினைவிருக்க வேண்டும்.